ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பமும் சாலையில் செல்லும் மனிதர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் இப்போது நடுத்தர விலையில் விற்கப்படும் கார்களில்கூட 'அடாஸ்' எனப்படும் ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பம் இடம்பெறத் தொடங்கிவிட்டது. அதன் விலை, ரேடாரின் எட்டுதூரம், கேமராவின் தரம் ஆகியவை பற்றிய தகவல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அக்கருவிகளோடு வண்டி ஓட்டுபவரின் கவனத்துக்கும் களைப்புக்கும் பொறுப்புக்கும் என்ன நேர்கிறது, அதே சாலையில் நடந்தும் இரு சக்கர வாகனத்திலும் செல்பவர்களுக்கு அவற்றால் என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

அடாஸ் என்ற பெயரில் விற்கப்படுபவை எவை?

கேமரா, ரேடார் போன்றவற்றின் துணையோடு சாலையைக் கவனித்து ஓட்டுநருக்கு உதவும் பல கருவிகளுக்கு இடப்பட்ட பொதுப்பெயர் அது. ஒரே தொகுப்பாக விற்கப்பட்டாலும் அவை மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. முதல் வகை எச்சரிக்கை மட்டும் தரும்: தடம் விலகினால் ஒலி எழுப்புவது, பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வண்டி வந்தால் கண்ணாடியில் விளக்கு எரிவது, ஓட்டுநர் தூங்கி வழிவதுபோல் தெரிந்தால் ஓய்வெடுக்கச் சொல்வது ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் வகை ஒரு கணம் தலையிட்டுவிட்டு விலகிக்கொள்ளும். மோதல் உறுதி என்று கணித்ததும் தானாகவே பிரேக் பிடிக்கும் அவசர பிரேக் இதற்கு உதாரணம். மூன்றாம் வகை, ஓட்டும் வேலையிலேயே தொடர்ந்து பங்கெடுப்பது: முன்னால் செல்லும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோலும், தடத்தின் நடுவே காரை வைத்திருக்க ஸ்டீயரிங்கைத் திருப்பும் கருவியும் இவ்வகையைச் சேர்ந்தவை. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையைச் சார்ந்தே நிற்கின்றன.

'லெவல் 2' கார் என்றால் தானாக ஓடும் கார் என்றுதானே பொருள்?

இல்லை. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு 2014-இல் வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய தரநிலை, தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. இரண்டாம் நிலையில் கார் வேகத்தையும் ஸ்டீயரிங்கையும் ஒரே நேரத்தில் கையாளலாம். ஆனால் சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கடமை முழுவதும் ஓட்டுநருக்கே உரியது. பார்க்கும் வேலையைக் கார் ஏற்றுக்கொள்வது மூன்றாம் நிலையில்தான், அதுவும் வரையறுக்கப்பட்ட சூழலில் மட்டுமே. 2021 மார்ச்சில் ஜப்பானில் ஹோண்டா நூறே நூறு கார்களை அந்த நிலையில் வாடகை ஒப்பந்தத்துக்கு விட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியில் மெர்சிடிஸ் பெற்ற அனுமதி, தொடக்கத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் வரை மட்டுமே செல்லுபடியானது. இந்தியாவில் அடாஸ் என்று விற்கப்படுபவை இரண்டாம் நிலையைத் தாண்டுவதில்லை.

இருந்தும் குழப்பம் ஏற்படுவதற்கு வாங்குபவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கைகள் மடியில் இருக்கக் கார் தானாக வளைவில் திரும்பும் காட்சியை விளம்பரத்தில் காட்டிவிட்டு, கையேட்டின் நடுவில் ஒரு பக்கத்தில் 'கைகளை எப்போதும் ஸ்டீயரிங்கில் வைத்திருக்கவும்' என்று அச்சிட்டால், மனதில் நிற்பது காட்சிதான். நெடுஞ்சாலையில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து பக்கத்து இருக்கையில் அமர்ந்து எடுத்த காணொளிகள் இந்தியாவிலும் பரவியது இந்தக் குழப்பத்தின் விளைவே. அமெரிக்காவில், ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று சரிபார்க்கும் ஏற்பாடு போதவில்லை என்ற காரணத்தால் 2023 டிசம்பரில் டெஸ்லா 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது.

இவை விபத்துகளை உண்மையிலேயே குறைக்கின்றனவா?

சில குறைக்கின்றன, சில குறைப்பதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு, காவல்துறையில் பதிவான விபத்துகளைக் கொண்டு கணக்கிட்டபோது, தானியங்கி அவசர பிரேக் உள்ள கார்கள் முன்னால் செல்லும் வண்டியின் பின்புறத்தில் மோதுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பாதசாரிகளை அடையாளம் காணும் அவசர பிரேக் பற்றி அதே அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வில் பாதசாரிகள் மீதான மோதல்கள் 27 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் அந்தக் கருவி இருந்த காருக்கும் இல்லாத காருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இரவில் விளக்கற்ற புறவழிச்சாலையைக் கடக்கும் மனிதரைப் பற்றி நினைத்துப் பார்ப்பவருக்கு இந்த ஒரு முடிவின் கனம் புரியும்.

தடத்தின் நடுவே காரை ஓட்டிச் செல்லும் மூன்றாம் வகைக் கருவிகளைப் பொறுத்தவரை, அவை விபத்தைத் தடுக்கின்றன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று அதே அமைப்பு 2024-இல் கூறியது. நீண்ட பயணத்தில் தோள்வலியைக் குறைக்கும் வசதி என்ற அளவில் அவற்றை வாங்கலாம். பாதுகாப்புக் கருவி என்ற கணக்கில் பணம் கொடுப்பதற்கு இன்றுவரை வலுவான காரணம் இல்லை.

கருவி சரியாக வேலை செய்யும்போது மனிதரின் கவனம் ஏன் சிதறுகிறது?

ஒரு வேலையைச் செய்வதும், வேறொருவர் அதைச் செய்வதை மேற்பார்வையிடுவதும் மனதுக்கு ஒரே வேலை அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எதிரியின் தடயங்களைத் தவறவிட்டது ஏன் என்று அறிய நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் சோதனைகள் நடத்தி 1948-இல் வெளியிட்டார்; எப்போதாவது ஒருமுறை மட்டும் நிகழும் மாற்றத்துக்காகக் காத்திருப்பவரின் கூர்மை முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே மங்கத் தொடங்கிவிடுவதை அவை காட்டின. 1983-இல் லிசான் பெயின்பிரிட்ஜ், தொழிற்சாலைத் தானியக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் அடுத்த படியைச் சுட்டினார்: எளிய வேலைகளை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாத கடினமான தருணத்தை மட்டும் மனிதருக்கு விட்டுவைக்கிறோம், அந்தத் தருணம் வரும்போது அவரது கைப்பழக்கமும் சூழல் பற்றிய உணர்வும் குறைந்துபோயிருக்கும்.

இது சாலையில் எப்படி வெளிப்படும் என்பதற்கு 2018 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரில் நடந்த விபத்தைவிடத் தெளிவான ஆவணம் இல்லை. ஊபர் நிறுவனத்தின் தானாக ஓடும் சோதனைக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதியதில் அவர் இறந்தார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையின்படி, மோதலுக்கு 5.6 நொடிகளுக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம், வேறு ஏதோ பொருள், சைக்கிள் என்று மாறிமாறி வகைப்படுத்தியது. குறுக்குக்கோடு இல்லாத இடத்தில் பாதசாரி கடக்கக்கூடும் என்ற எண்ணமே அந்த மென்பொருளின் வடிவமைப்பில் இருக்கவில்லை. அந்த வால்வோ காரில் தயாரிப்பாளர் பொருத்தியிருந்த அவசர பிரேக், தானியங்கி ஓட்டத்தின்போது செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. காரில் இருந்த கண்காணிப்பாளர் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை காரில் இருவர் இருந்தனர். நிறுவனம் அந்த எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்திருந்தது. கண்காணிப்பாளரின் கவனக்குறைவோடு, நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாட்டில் இருந்த குறைகளையும் வாரியம் 2019 நவம்பரில் எடுத்துக்காட்டியது.

வீட்டில் பயன்படுத்தும் லெவல் 2 கார் இந்தச் சோதனைக் கார் போன்றதல்ல என்பது உண்மை. ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தவறில்லாமல் ஓடிய கருவிமேல் ஓட்டுநருக்கு ஏற்படும் நம்பிக்கை இரண்டிலும் ஒன்றே. அடிக்கடி தவறு செய்யும் கருவியை யாரும் நம்பமாட்டார்கள். எப்போதாவது மட்டும் தவறும் கருவியிடம்தான் ஆபத்து கூடுதல்.

பாதுகாப்பு கூடக்கூட மக்கள் துணிந்து வேகமெடுப்பார்கள் என்கிறார்களே, அது சரியா?

ஓரளவுக்குச் சரி. 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் பொருத்திய டாக்ஸிகளையும் பொருத்தாத டாக்ஸிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஏபிஎஸ் இருந்த வண்டிகளின் விபத்து எண்ணிக்கை குறையவில்லை. அவற்றின் ஓட்டுநர்கள் வளைவுகளில் வேகமாகத் திரும்பியும் முன்வண்டியை நெருங்கியும் ஓட்டினர். கிடைத்த பாதுகாப்பை அவர்கள் நேரமாக மாற்றிச் செலவழித்துவிட்டனர் எனலாம்.

ஆயினும் எல்லாக் கருவிகளுக்கும் இதைப் பொருத்துவது தவறு. சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு நிலைப்புக் கருவி, வண்டி தனியாகத் தடம்புரண்டு உயிர்ப்பலி ஏற்படும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாக்கியது. அது பின்னணியில் சத்தமின்றி இயங்குவதால், தன்னிடம் அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நம்பி யாரும் துணிச்சல் காட்டுவதில்லை. கருவி எவ்வளவு கண்ணில் படுகிறதோ அவ்வளவுக்கு நடத்தையும் மாறுகிறது.

நம்முடைய சாலைகளுக்கு இது ஒத்துவருமா?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் விடையளிப்பவர் பெரும்பாலும் எதையாவது விற்பவராக இருப்பார். நான்குவழிச் சாலையில், பகலில், கோடுகள் தெளிவாக இருக்கும் இடத்தில், நன்றாகவே ஒத்துவருகிறது. ஊருக்குள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. முன்வண்டிக்கும் தன் காருக்கும் இடையே கருவி விட்டுவைக்கும் பாதுகாப்பான இடைவெளி, நம் சாலையில் இடைவெளியாக நீடிப்பதில்லை. ஒரு ஸ்கூட்டரோ ஷேர் ஆட்டோவோ அங்கே நுழைகிறது, கார் பிரேக் பிடிக்கிறது, மீண்டும் இடைவெளி விடுகிறது, மீண்டும் யாரோ நுழைகிறார்கள். எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக், மீடியன் இடைவெளியில் திடீரென்று திரும்பும் டிராக்டர், காவல்துறை வைத்த இரும்புத் தடுப்புகள், சாயம் பூசாத வேகத்தடை, நடுச்சாலையில் படுத்திருக்கும் மாடு ஆகிய அனைத்தும் ஐரோப்பிய நெடுஞ்சாலையை மனத்தில் வைத்து வளர்ந்த கருவிக்குப் புதிது. ஐதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் ஐதராபாத், பெங்களூரு சாலைகளில் படமெடுத்து உருவாக்கிய தரவுத்தொகுப்பில் ஆட்டோரிக்‌ஷாவுக்கும் விலங்குக்கும் தனி வகைகள் ஏற்படுத்த வேண்டியிருந்தது இதனால்தான்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. நம் சாலைகள் விதிகளால் மட்டும் ஓடவில்லை. கண்பார்வையாலும் கையசைவாலும் ஓடுகின்றன. பைக் ஓட்டுபவரின் தோள் சற்றுச் சாய்ந்தாலே அவர் திரும்பப்போகிறார் என்று பழகிய ஓட்டுநர் கண்டுகொள்கிறார். ஆட்டோவிலிருந்து வெளியே நீளும் கை 'பொறு' என்கிறதா 'போ' என்கிறதா என்பதையும், லாரியின் இண்டிகேட்டர் 'நான் திரும்புகிறேன்' என்று சொல்கிறதா 'நீ முந்திக்கொள்' என்று சொல்கிறதா என்பதையும் சூழலைப் பார்த்தே முடிவு செய்கிறோம். இந்த மொழியில் பிழை மலிந்திருப்பதை விபத்துக் கணக்கு காட்டுகிறது. ஆனால் இதைப் புரிந்துகொள்ளாத ஒரு கருவி இடையில் புகுந்து பிரேக் பிடிக்கும்போது, சுற்றியிருப்பவர்களுக்கு அந்தக் கார் கணிக்க முடியாததாகிவிடுகிறது. ஆகவே நகர நெரிசலில் தொடர்ந்து ஓட்டும் கருவிகளை அணைத்துவிட்டு, அவசர பிரேக்கை மட்டும் இயக்கத்தில் வைத்திருப்பது அறிவுடைய ஏற்பாடு.

தானாகப் பிரேக் பிடித்ததால் பின்னால் வந்தவர் மோதினால் யார் பொறுப்பு?

பின்னால் வருபவர் போதிய இடைவெளி விட்டே வர வேண்டும் என்பது ஓட்டுநர்களுக்கான விதி. அதே நேரத்தில் முன்னால் செல்பவருக்கும் கடமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில் தெளிவாக்கியது. நெடுஞ்சாலையில் ஒரு கார் முன்னறிவிப்பின்றி நின்றதால் பின்னால் பைக்கில் வந்த மாணவர் மோதி விழ, பின்னால் வந்த பேருந்து அவர் கால்மேல் ஏறியது. உடன் வந்த கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தியதாகக் கார் ஓட்டுநர் கூறியதை நீதிமன்றம் போதிய விளக்கமாக ஏற்கவில்லை. பொறுப்பில் 50 சதவீதத்தைக் கார் ஓட்டுநருக்கும், 30 சதவீதத்தைப் பேருந்து ஓட்டுநருக்கும், 20 சதவீதத்தை மாணவருக்கும் பிரித்தது. அந்த வழக்கில் பிரேக்கை மிதித்தவர் மனிதர். பிரேக் பிடித்தது கருவி என்று வாதிட நினைப்பவர், அந்தக் கருவியை இயக்கத்தில் வைத்தவர் யார் என்ற கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும்.

உயிரிழப்பு நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பேற்காதா?

இந்தியச் சட்டத்தின் பார்வையில் லெவல் 2 காரை ஓட்டுபவர், சாதாரணக் காரை ஓட்டுபவரைப் போன்ற ஓட்டுநரே. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்கீழ் வருகிறது. 'கார்தான் ஓட்டியது' என்பது அதற்கு விதிவிலக்காக எழுதப்படவில்லை. குறையுள்ள வாகனங்களைத் திரும்பப்பெற உத்தரவிடும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது என்றாலும், தனிப்பட்ட ஒரு விபத்தில் கருவியின் குறையை மெய்ப்பிக்கத் தேவையான பதிவுகள் நிறுவனத்திடமே இருக்கின்றன.

டெம்பி விபத்தில் நிறுவனத்தின்மீது குற்ற வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று அரசு வழக்கறிஞர் 2019-இல் முடிவு செய்தார். காரில் இருந்த கண்காணிப்பாளர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். மாடலின் கிளேர் எலிஷ் என்ற மானுடவியலாளர் இத்தகைய நிலைக்கு ஒரு விளக்கம் தந்தார். காரின் முன்பகுதி நொறுங்கி உள்ளே இருப்பவரைக் காப்பதுபோல, சிக்கலான தானியங்கி அமைப்பில் கடைசியில் அமர்ந்திருக்கும் மனிதர் பழியைத் தாங்கி நொறுங்கி, அமைப்பைக் காக்கிறார் என்றார் அவர்.

லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்குத் தூக்க எச்சரிக்கைக் கேமரா உதவுமா?

உதவும், ஆனால் எச்சரிக்கை ஒலித்த பிறகு ஓட்டுநரால் என்ன செய்ய முடியும் என்பதைப் பொறுத்தே அந்த உதவி அமையும். எட்டுக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் வாகனங்களிலும் கனரகச் சரக்கு வாகனங்களிலும் அவசர பிரேக், தூக்க எச்சரிக்கை, தடவிலகல் எச்சரிக்கை ஆகியவற்றை 2026 ஏப்ரல் முதல் புதிய மாடல்களில் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025-இல் வெளியிட்டது. நாமக்கல், சங்ககிரி பகுதிகளிலிருந்து வடமாநிலங்களுக்குச் செல்லும் லாரியை எடுத்துக்கொள்வோம். சரக்கு குறித்த நேரத்தில் சேராவிட்டால் வாடகையில் பிடித்தம், சேர்ந்த இடத்தில் இறக்குவதற்கு நாள்கணக்கில் காத்திருப்பு, வழியில் பாதுகாப்பாக நிறுத்தித் தூங்க இடமில்லாமை, நிறுத்தினால் டீசல் திருட்டு பற்றிய பயம் ஆகிய இத்தனையும் அந்த ஓட்டுநரின் தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன. தேசிய பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்றிருந்த விதி 2018-இல் தளர்த்தப்பட்டது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு விதித்தது. அந்த வரம்பு நெடுஞ்சாலையில் எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்று எந்த டீக்கடையிலும் விசாரித்துக்கொள்ளலாம்.

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. கோடைப் பகலில் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் அமர்ந்து ஓட்டுபவர் விழித்திருப்பதற்கு, அவர் முகத்தைப் படமெடுக்கும் கேமராவைவிட இது கூடுதலாக உதவும் என்றே கருத இடமிருக்கிறது.

கருவியின் பதிவை உரிமையாளர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதும் முக்கியம். 'நேற்று இரவு ஏழு முறை கண் சொருகியது' என்ற பதிவைப் பார்த்து, அடுத்த பயணத்தில் ஓய்வு நேரத்தைக் கூட்டும் நிறுவனத்தில் ஓட்டுநர் கேமராவை ஏற்றுக்கொள்வார். அதே பதிவை வைத்துச் சம்பளத்தில் பிடித்தால், கேமராமேல் துணி தொங்கும். நாக்பூரில் 2021-இல் தொடங்கிய ஐராஸ்டே திட்டம், மாநகரப் பேருந்துகளில் பொருத்திய எச்சரிக்கைக் கருவிகளின் பதிவுகளை, விபத்து நடக்கும் முன்பே ஆபத்தான சாலையிடங்களைக் கண்டறியவும் பயன்படுத்தியது. ஒரே இடத்தில் பல ஓட்டுநர்களுக்கும் எச்சரிக்கை ஒலிக்குமானால், திருத்தப்பட வேண்டியது அந்தச் சாலை.

காருக்குள் இருக்கும் கேமரா குடும்பத்தையும் பதிவு செய்கிறதா?

மாடலுக்கு மாடல் மாறும். சில கருவிகள் கண்ணின் அசைவை அங்கேயே கணக்கிட்டுவிட்டுப் படத்தைச் சேமிப்பதில்லை. சில இணையம் வழியே அனுப்புகின்றன. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலையும் நோக்கத்தைத் தெரிவிப்பதையும் அடிப்படையாகக் கொண்டது; ஆகவே என்ன பதிவாகிறது, எங்கே செல்கிறது என்று எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நல்லது.

வயதான பெற்றோருக்கு அடாஸ் உள்ள கார் வாங்கித் தரலாமா?

அவசர பிரேக்கும், ஆக்சிலரேட்டரைத் தவறுதலாக அழுத்தினால் வேகமெடுக்கவிடாமல் தடுக்கும் கருவியும் உள்ள காராக இருந்தால் நல்லதே. முதியோர் பெருகிய ஜப்பான் இதில் முன்னோடி. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயது ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைப் பிரேக் என்று தவறாக அழுத்தியதில் ஒரு தாயும் சிறுமியான மகளும் இறந்தது நாட்டையே உலுக்கியது. 2021 நவம்பர் முதல் புதிய உள்நாட்டு மாடல்களுக்கு அவசர பிரேக் கட்டாயமானது. 2022 மே முதல், இத்தகைய பாதுகாப்புக் கருவிகள் கொண்ட கார்களை மட்டுமே ஓட்ட அனுமதிக்கும் தனி உரிமமும், விதிமீறிய 75 வயதைக் கடந்தவர்களுக்கு ஓட்டுத் தேர்வும் வந்தன. காரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. முப்பது ஆண்டுகள் ஓட்டிப் பழகிய அப்பாவின் கையிலிருந்து ஸ்டீயரிங் திடீரென்று தானாகத் திரும்ப முயன்றால் அவர் பதறுவார், எதிர்த்துத் திருப்புவார். எனவே தடம் காக்கும் கருவியை அணைத்துக் கொடுத்துவிட்டு, ஒலிகளின் பொருளை நிறுத்திய காரிலேயே விளக்கிச் சொல்வது நல்லது.

கார் வாங்க வசதியில்லாதவர்களுக்கு இதனால் என்ன பயன்?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் முதலில் கேட்கப்பட வேண்டியது இதுவே. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து சென்றவர்கள். அதே ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். கருவிக்குப் பணம் கொடுப்பவர் காருக்குள் அமர்ந்திருக்கிறார். இறப்பவர்களில் பெரும்பாலோர் காருக்கு வெளியே இருக்கிறார்கள். ஆகவே ஒரு காரின் பாதுகாப்பை மதிப்பிடுபவர், இரவில் பாதசாரியை அது எந்த அளவுக்கு அடையாளம் காண்கிறது என்று கேட்பது நியாயம்.

அடையாளம் காண்பதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. பாதசாரிகளைக் கண்டறியும் கணினி மாதிரிகள் பலவற்றை அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2019-இல் சோதித்தபோது, கருநிறத் தோல் கொண்டவர்களைக் கண்டறிவதில் துல்லியம் சராசரியாக 5 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. அவை ஆய்வுக்கூட மாதிரிகள், விற்பனைக் கார்கள் அல்ல. ஆனாலும் பயிற்சிப் படங்களில் இல்லாத உடலைக் கருவி கண்டுகொள்ளாமல் போகலாம் என்பது நம் நாட்டுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்: தலைச்சுமையோடு நடப்பவர், ஒரே பைக்கில் நால்வர், விறகுக்கட்டு ஏற்றிய சைக்கிள்.

வெளியே இருப்பவரைக் காக்கும் கருவிகளில் விலை குறைந்தவை பழையவையே. 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளில் 2019 ஏப்ரல் முதல் முழுமையாகக் கட்டாயமான ஏபிஎஸ் அவற்றில் ஒன்று. வேகக் கட்டுப்பாடு மற்றொன்று. 2019 ஜூலை முதல் இந்தியக் கார்களில் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் இடைவிட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் ஒலி கேட்கிறது. ஆனால் 40 என்று பலகை நிற்கும் பள்ளித் தெருவில் 70-இல் சென்றால் அது வாய் திறக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் அந்தந்தச் சாலையின் வேக வரம்பைக் கண்டறிந்து உணர்த்தும் கருவி உள்ளது. ஓட்டுநர் அதை மீறலாம், அணைக்கலாம். அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது அது மீண்டும் தானாக இயங்கும்.

டிரைவர் வேலைக்கு ஆபத்து வருமா?

தற்போதைய கருவிகளால் வராது. ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவில் அனுமதிக்கப்போவதில்லை என்றும், பல லட்சம் ஓட்டுநர்களின் வேலை அதற்குக் காரணம் என்றும் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில் கூறினார். வேலையின் தன்மை மாறும் என்பதே உடனடி உண்மை. கண்காணிக்கப்படுவதும், பதிவுகளுக்குப் பதில் சொல்வதும் இனி அந்த வேலையின் பகுதியாகும்.

காரை ஷோரூமில் பெற்றுக்கொள்ளும்போது எதைக் கேட்க வேண்டும்?

பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, படமெடுத்து முடிக்கும் அவசரத்தில் இந்த விளக்கம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. எந்தெந்தக் கருவி எந்த வேகத்துக்கு மேல் வேலை செய்யும், எதற்குக் கீழே நின்றுவிடும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்க முடியுமா, வண்டியை மீண்டும் கிளப்பும்போது பழைய அமைப்பு நீடிக்குமா என்று கேட்டு, அரை மணி நேரமாவது காலியான சாலையில் ஓட்டிக்காட்டச் சொல்லலாம். வீட்டில் அந்தக் காரை ஓட்டும் மற்றவர்களும், சம்பளத்துக்கு வரும் டிரைவரும் அதே விளக்கத்தைப் பெற வேண்டும். ஒருவர் இயக்கிவைத்த கருவி அடுத்தவருக்குத் தெரியாமல் பிரேக் பிடிப்பது நல்லதல்ல.

முன்கண்ணாடி மாற்றினாலோ கூடுதல் பொருள்கள் பொருத்தினாலோ கருவி பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படும். கேமரா பெரும்பாலும் முன்கண்ணாடியின் உட்புறம், நடுக்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணாடியை மாற்றிய பிறகு அதன் கோணத்தை உரிய கருவிகளால் மறுபடியும் சரிசெய்ய வேண்டும். சிறிதளவு பிசகினாலும் தொலைவில் உள்ள பொருளைப் பக்கத்துத் தடத்தில் இருப்பதாகக் கணிக்கும். காப்பீட்டில் கண்ணாடி மாற்றும்போது இந்தச் செலவும் சேர்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ரேடார் பம்பருக்குப் பின்னாலோ கிரில்லுக்குள்ளோ இருக்கும். அதன் முன்னால் எண்பலகைச் சட்டம், மாலை, கட்சிக்கொடிக் கம்பி, இரும்புக் காப்புச்சட்டம் எதுவும் வரக்கூடாது. இந்தக் காப்புச்சட்டங்களை மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. கேமராவுக்கு நேரே கண்ணாடியில் சாமி படமும் ஸ்டிக்கரும் ஒட்டாமல், மழைக்குப் பின்னும் மண்சாலைப் பயணத்துக்குப் பின்னும் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். கருவி செயல்படவில்லை என்ற எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சரிசெய்யப்படும்வரை அந்தக் காரை அடாஸ் இல்லாத கார் என்றே கருதி ஓட்ட வேண்டும்.